பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு தாழ்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விக்டோரியா மாநிலத்தில் எங்கள் சிற்றூர் நாடக மன்றத்தில் ஒருமுறை எனக்குத் திரை இழுக்கும் வேலை. கடைசியில் ஒரு தூக்குக் காட்சி. தூக்குப் போடுபவராக நடித்தவர் மேடையில் நெம்புகோலை இழுத்தார். அது எதோடும் சேராத வெறும் கட்டை. கைதியின் காலடிப் பலகையைத் திறக்கும் உண்மையான தாழ் பக்கத்திரைக்குப் பின்னால் இருந்தது. அதை இழுத்த பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கைதட்டல் கட்டையை இழுத்தவருக்குப் போயிற்று.

கதையில் அவளுக்கு நெரிடா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: தூக்குத்தண்டனை சரியா தவறா என்று மனிதகுலம் நெடுங்காலமாக—

(அடித்துவிட்டேன். மனிதகுலம் ஒருநாளும் எங்கள் மன்றத்துக்கு டிக்கெட் வாங்கி வந்ததில்லை.)

இன்னொன்று: நெரிடாவின் தம்பி கெவ் கொலையாகிப் பத்தொன்பது வருடம். கொன்றவன் சிறையில் இருக்கிறான். "கயித்த என் கையில குடுங்க, நானே இழுக்கறேன்" என்று அன்றிலிருந்து ஊரறியச் சொல்லி வருகிறாள். நாடகத்தை இயக்கும் பிரான்வின், தாழை அவளிடமே ஒப்படைத்தாள். (பிரான்வினைத் திட்டாதீர்கள். ஒப்படைத்தது நான்.)

இது இருக்கட்டும்.

3

மூன்று வாரமாகப் பலகைமேல் மணல்மூட்டையை நிறுத்தித்தான் ஒத்திகை. நடிகனின் எடை எழுபத்தொரு கிலோ, மூட்டையும் அவ்வளவே. தகரக் கூரையின் ஆணித்துளைகள் வழியே மதிய வெயில் இறங்கும். தூசி அதில் மிதந்துகொண்டே இருக்கும். 'இழு' என்று சொல்லும் பச்சை பல்பு எரியும், நெரிடா தாழை இழுப்பாள், மூட்டை விழும். எல்லாம் அரைத்தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். பிறகு தேநீர்.

வெள்ளிக்கிழமை மூட்டையின் இடத்தில் லாக்லன் நின்றான். பள்ளிக்கூட வாத்தியார், நாடகத்தில் கைதி. வேடத்துக்காகத் தாடியை மழித்திருந்தான். கழுத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது.

பல்பு எரிந்தது.

கெவ்வைக் கொன்றவன் நீதிமன்றத்தில் நின்றபோது அவன் கழுத்திலும் இதேபோல் ஒரு—

(முடிக்க வரவில்லை. காகிதத் துணுக்கை மூன்றாம் வரைவில் அழகுக்காகச் சேர்த்தேன். அவளுக்கு அது இதை நினைவூட்டும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.)

"என்னடி நெரிடா, தூங்கிட்டியா?" பிரான்வின் கத்தினாள்.

"தாழ் சிக்கிக்கிச்சு."

லாக்லன் வந்து எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தானேக்கா இருக்கு? எனக்கு அடிபடும்னு பயமா? கீழ ரெண்டு மெத்தை கிடக்கு."

"தெரியும்டா. போட்டதே நான்தான்."

"அப்புறம் என்ன?"

"மூட்டைக்குக் கழுத்து இல்லடா."

அவன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "நாளைக்கு வேற யாரையாவது இழுக்கச் சொல்லட்டா?"

"இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிட்டு, இப்ப இன்னொருத்தி கையில குடுத்துட்டு, கெவ் கல்லறைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

அவள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

4

ஒரு முடிவு: இழுக்கிறாள். லாக்லன் மெத்தையில் எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சொறிகிறான். மேலே கைதட்டல்.

இன்னொரு முடிவு: இழுக்கவில்லை. கட்டையை இழுத்தாகிவிட்டது, கைதி நின்றுகொண்டே இருக்கிறான். யாரோ இருமுகிறார்கள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கெவ் திரும்பி வரவில்லை.

5

சனிக்கிழமை, பகல் காட்சி. மன்றம் நிறைந்திருக்கிறது. மெத்தைகளை நானே அழுத்திப் பார்த்துவிட்டேன். லாக்லனுக்கு ஒரு கீறலும் விழாது. அது நெரிடாவுக்கும் தெரியும். அவள் கை தாழில் இருக்கிறது, பச்சை பல்பு எரிகிறது.

நான் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன். அவளோ இந்த முறை மூடவில்லை. அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது, நீங்களே வந்து பாருங்கள்.