சத்தம் வராத புது டிவி

பல்லடத்தில் சுந்தரராஜுலு வீட்டுக்கு ஹாங்காங்கிலிருந்து பிளாட் டிவி வந்த ஞாயிற்றுக்கிழமை, தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. தங்கச்சி புருசன் கொண்டுவந்து கொடுத்தது. முகத்தில் வளைவே இல்லாமல் பலகை மாதிரி இருந்த அந்தக் கண்ணாடியை அதுவரை யார் பார்த்தார்கள்? அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டித் தேங்காய் உடைத்த பிறகுதான் கேபிள்காரன் தம்பிதுரையை ஒயரைத் தொடவே விட்டார். பெரிய மனுசன் அல்லவா!

அந்தப் பெரிய மனுசனைப் பற்றி அவர் மனைவி ராமாமணியைக் கேட்டால் வேறு கதை சொல்வாள். யார் கேட்டார்கள்? கல்யாணமான நாள் முதல் அடிதான். தறியில் நூல் அறுந்தாலும் அடி, குழம்பில் உப்புக் குறைந்தாலும் அடி. ஆனால் அடிக்கிறவருக்கு மானம் மட்டும் போகக்கூடாது. அதனால் பழைய டிவியின் வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டுத்தான் சமையலறைக்குள் வருவார். கூடத்தில் பாட்டு அலறும். உள்ளே இவள் அலறுவாள். மறுநாள் எதிர்வீட்டுச் செல்லாத்தாள், "உங்க ஊட்ல டிவி சத்தம் கொஞ்சம் ஜாஸ்திங்கம்மணி" என்பாள், அவ்வளவுதான். தெருவுக்கு நிஜமாகவே கேட்கவில்லை என்று ராமாமணி நம்பினாள். கேட்டிருந்தால் யாராவது வந்திருக்க மாட்டார்களா? ஒரே ஒருத்தர் வந்து அந்தக் கையைப் பிடித்தால் போதும் என்றுதான் அவள் காத்துக் கிடந்தாள்.

தம்பிதுரை ஒயரைச் சொருகியதும் படம் பளிச்சென்று வந்தது. கூடமே வாயைப் பிளந்தது. ஆனால் திரையில் ஆடினார்களே தவிர, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"வெளிநாட்டுப் பொட்டிங்கண்ணா. சவுண்டு முறை அந்த ஊர்து, நம்மூருக்கு மாத்தோணும். எழுத்து பூராவும் சீனாக்காரன்துங்க. தடவித் தடவித்தான் பாக்கோணும்" என்றான் தம்பிதுரை.

டீத் தட்டோடு வந்த ராமாமணிக்கு வாய் சும்மா இருந்ததா? "ஏனுங்க, அதுவரைக்கும் பழைய டிவியவே போடச் சொல்லலாமுங்களே" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜுலுவின் முகம் கறுத்தது. "சக்கரை பத்தல, உள்ள வா" என்று எழுந்தார். போகிற போக்கில் தம்பிதுரை கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, வால்யூமை உச்சத்துக்கு அழுத்திவிட்டு அவன் மடியில் எறிந்தார். பழக்கதோஷம்! இந்த டிவியில் சத்தமே வரவில்லை என்பது கோபத்தில் அந்த மனுசனுக்கு மறந்தே போயிற்று.

சமையலறைக்குள், கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே அவள் தலை அலமாரியில் மோதி, டம்ளர்கள் உருண்டோடின. "ஊர் முன்னால என்னையாடி கேவலப்படுத்தற?" என்று கூந்தலைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் இடித்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"ஐயோ, உட்ருங்க! செத்துருவேனுங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளியே பாட்டு இல்லை. எல்லாருக்கும் கேட்கிறது! இன்றைக்கு வந்துவிடுவார்கள் என்று கதவு இடுக்கில் பார்த்தாள். அத்தனை பேரும் ஊமை ஆட்டத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லாத்தாள் மட்டும் தம்பிதுரை பக்கம் குனிந்தாள்.

"சீக்கிரம் அந்தச் சவுண்ட வெய்யி கண்ணு. காது குடுத்துக் கேக்க முடியல."

அட பாவிகளா! இத்தனை காலமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அடிகூட அவ்வளவு வலிக்கவில்லை, அந்தச் சொல்தான் வலித்தது.

தம்பிதுரையின் விரல் எந்தச் சீன எழுத்தில் பட்டதோ, பாட்டு திடீரென்று வெடித்துக் கிளம்பியது. ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்தது. ராஜுலுவுக்குத் தெம்பு வந்துவிட்டது. பூரிக்கட்டையைக் கையில் எடுத்தார். அடுப்பில் இன்னொரு சுற்று டீ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ராமாமணி அந்தக் குண்டாவை வெறுங்கையால் தூக்கி, அப்படியே அவர் மார்பில் வீசினாள்.

அவர் போட்ட அலறலில் பாட்டே அமுங்கிப்போயிற்று. கூடம் மொத்தமும் தடதடவென்று எழுந்து ஓடி வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! ஒருத்தர் தண்ணீரை ஊற்றினார், ஒருத்தர் இட்லி மாவை அள்ளி அப்பினார், தம்பிதுரை கார் பிடிக்க ஓடினான். செல்லாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிப்போட்டே அம்மணி!"

ராமாமணி வெந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த உதட்டோடு அவளை நேராகப் பார்த்தாள்.

"இப்ப மட்டும் எப்பிடிங்கக்கா காது கேட்டுச்சு?" என்றாள்.