கறிக்கடைக்காரரின் வண்டியில் ஒரு சத்தம்

பைக்கின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வண்டிகளுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டுகிற கடையின் பிட்டர் அதன் சட்டத்துக்குள் தலையை நுழைத்திருந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கை போகிற அளவுக்குத்தான் இடம். அதற்குள் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் உட்கார வேண்டும், ஃபியூஸ் உட்கார வேண்டும், பின்னால் பெட்டியில் இருந்து அதிர வைக்கும் சப் ஊஃபருக்கு ஒயர் போக வேண்டும். எல்லாம் முடிந்து நேற்றுச் சாயங்காலம் கடையை விட்டுப் போன வண்டிதான். இன்று காலையிலேயே திரும்பி வந்துவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரரான கறிக்கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பாட்டு அதிருது, இல்லேங்கல. தெருவுல போனா ஜன்னலெல்லாம் ஆடுது. ஆனா ஆக்ஸிலேட்டரை முறுக்குனா கூடவே ஒரு கொசு கத்துதுய்யா. குய்ய்ங்னு. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. கறி வாங்க வர்ற பொம்பளைங்க, 'என்னண்ணே, உங்க வண்டி அழுவுது'ன்னு கேக்குறாங்க. மானம் போவுது."

பிட்டர் தலையை வெளியே இழுத்து அவர் உதடுகளைப் பார்த்தார். "எர்த் ஒயரை எடுத்த இடம் சரியில்லண்ணே. மாத்திட்டா போயிடும்."

அந்தக் குய்ங் சத்தத்தைப் பிட்டர் கேட்டுப் பல மாதமாகிவிட்டது. கனத்த பேஸ் சத்தம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், விலா எலும்பு வரைக்கும் வந்து சொல்லிவிடும். ஒல்லியான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டன. முதலில் போன் மணி. அப்புறம் அடுப்பில் குக்கர். அப்புறம், முதுகைத் திருப்பிக்கொண்டு மனைவி பேசினால் அவள் குரல். ஒவ்வொரு வண்டிக்கும் வால்யூமை முழுசாக வைத்துத்தான் சோதிக்க வேண்டும், அப்போதுதான் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான் என்பது முதலாளியின் கட்டளை. பிட்டர் அப்படித்தான் சோதித்து வந்தார், தலையைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

முதலாளி வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி. மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். பிட்டர் வேலை பார்த்த பம்பு கம்பெனியை மூடியபோது, "நம்ம கடை இருக்கறப்ப நீங்க எதுக்கு மாமா அலையணும்" என்று கூட்டி வந்தவன். அவனிடம் போய்க் காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சத்தம் விற்கிற கடை இது. செவிட்டுப் பிட்டரை எவன் வைத்துக்கொள்வான்?

அதனால் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் பக்கத்துத் தெருவில் தையல் கம்பெனியில் பொத்தான் தைக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டுப் பையோடு வருவாள். அதற்குள் பிட்டர் வேலையை முடித்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆம்பைப் போட்டு முறுக்குவார். சத்தம் இருந்தால் அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவாள். இல்லையென்றால் சும்மா நிற்பாள். திருடுகிறவர்கள் மாதிரி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நேற்றுக் கம்பெனியில் அவசர ஆர்டர், அவளை விடவில்லை. பிட்டர் குத்துமதிப்பாக வண்டியை அனுப்பிவிட்டார். அதுதான் இப்போது வந்து நிற்கிறது.

எர்த் ஒயரைக் கழற்றி, சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பு தெரிந்ததும் அங்கே முடுக்கினார். நிமிர்ந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிட்டருக்கு உயிர் வந்தது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளியும் வெளியே வந்தான். ஒரு வண்டி திரும்பி வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான்.

"அக்கா, வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காரு."

"பரவால்லடா. சாப்பாட்டக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"அட குடு அதை." பையை வாங்கிக்கொண்டு அவள் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனான். அவன் ஏதாவது தெரிந்து செய்தானா, பாசத்தில்தான் செய்தானா, பிட்டருக்கு விளங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தால் அவளுக்கும்தான் ஒன்றும் கேட்காது.

முதலாளி திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் நின்றான். "போட்டுக் காட்டுங்க மாமா."

கறிக்கடைக்காரரே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து முறுக்கினார். பிட்டர் டேங்கின் மேல் கை வைத்தார். அதிர்வு வந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவர் கறிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். மனிதர் மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை இடுக்கி, வாயைக் கோணிக்கொண்டிருந்தார். சத்தம் போகவில்லை போலிருக்கிறது.

"லேசா இருக்கு," என்றார் பிட்டர். "கொசு சத்தம் இன்னும் லேசா வருது. இன்னொரு இடத்துல மாத்திப் பாத்துடறேன்ண்ணே."

கறிக்கடைக்காரர் கையை எடுத்தார். "எதுய்யா வருது?"

"அதான், அந்தக் குய்ங்…"

"நான் இன்னும் ஆம்ப் சுவிட்சே போடலியேய்யா! புகை மூக்குல ஏறுது, நான் மூஞ்சியச் சுளிக்கறேன். இவரு என்னடான்னா கொசு வருதுங்கறாரு!" விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் டேங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். கறிக்கடைக்காரர் சுவிட்சைப் போட்டு மறுபடி முறுக்கினார். சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. பிட்டர் சரியாகத்தான் வேலை செய்திருந்தார். அதை யாரும் சொல்லவில்லை.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. வண்டி போகிற வரைக்கும் பொறுத்திருந்து, மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "மாமா" என்றான். இன்னொரு தடவை, "மாமா" என்றான். ஸ்டிக்கர்காரன் கண்ணைக் காட்டிய பிறகுதான் பிட்டர் திரும்பினார். தரை பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலாம் என்றிருந்தது.

"எத்தனை நாளா மாமா?"

பிட்டர் ஸ்க்ரூ டிரைவரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்துவிட்டாள். "அவரை ஏன்டா கேக்குற? என்னைக் கேளு. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"வயசானா வர்றதுதான்க்கா. இதுல மறைக்க என்ன இருக்கு?"

"உன்னைவிட நாலு வயசுதான்டா பெரியவரு. நீ கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்க, உனக்கு வரல."

"விடு," என்றார் பிட்டர். தேவைக்கு அதிகமாகக் கத்திவிட்டார் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. "விடுன்னா விடு. மாப்ள நமக்குக் கெடுதலா பண்ணிடப் போறாரு?"

மாப்பிள்ளை கெடுதல் பண்ணவில்லை. வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. வண்டி வேலையை ஸ்டிக்கர்காரனிடம் கொடுத்துவிட்டு, மாமாவுக்குக் கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டான். புதிதாக இறங்கிய, ஆள் உயரப் பெட்டிகளை இரண்டு பக்கமும் நிறுத்தினான். காலையிலிருந்து இரவு கடை மூடும் வரை அவை பாடிக்கொண்டிருக்க வேண்டும். சூடேறினால் நிறுத்தி, ஆறியதும் மறுபடி போட ஓர் ஆள் வேண்டும். இதுவரை அந்த வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிலைத்ததில்லை.

"உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுல்ல மாமா," என்றான். பிட்டர் தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம் மனைவி வந்தபோது தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அந்தச் சத்தத்தில் நெஞ்சுக்குள் யாரோ இடிப்பது போலிருந்தது. திரும்பிப் போய் மருந்துக் கடையில் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். நடுத்தெருவில், போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, பஞ்சைத் திரித்துப் புருஷனின் இரண்டு காதிலும் வைத்தாள். குழந்தைக்குச் செய்கிற மாதிரி. பிட்டருக்குக் கூச்சமாக இருந்தாலும் தலையை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து முதலாளி கண்ணாடியைத் தட்டினான். அது அவளுக்கும் கேட்கவில்லை. கையசைப்பதுதான் தெரிந்தது. அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். பார்க்கிறார்கள் என்பது போல வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கத்தைக் காட்டினான். பிறகு இரண்டு விரலால் எதையோ பிடுங்கி எறிகிற மாதிரி செய்து, சிரித்தபடி கும்பிட்டான்.

பிட்டர் பஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.