பின்னால் போன பேட்டரி

சனிக்கிழமை காலை கராஜில் இருந்தவர்கள்: நான், என் அண்ணன் ஓஸ்மோவின் மனைவி ரைலி, பக்கத்து வீட்டு வெய்க்கோ, ஓஸ்மோவின் பந்தய வோல்வோ. ஓஸ்மோ இல்லை. பிப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்து செத்துப்போனான்.

நான் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். வீடு விற்றாகிவிட்டது. திங்கட்கிழமை ரைலி ஓவுலுவில் இருக்கும் தங்கையிடம் போகிறாள்.

"நாளைக்குப் பந்தயத்துல ஓட்டு," என்றாள். "எவனாவது கேட்டா போகட்டும். யாரும் கேக்கலன்னா நீயே வச்சுக்க, தார்மோ."

எங்கள் பந்தயத்தின் விதி அது. ஓடுகிற எல்லாக் காருக்கும் ஒரே விலை. முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எந்தக் காரையும் கேட்டுச் சீட்டு எழுதிப் போடலாம். ஒருத்தருக்கு மேல் கேட்டால் குலுக்கல். தர மாட்டேன் என்றால் ஓட்டும் உரிமம் போய்விடும்.

எனக்கு அந்தக் கார் வேண்டும். நிறுத்திவைக்க வெய்க்கோவின் கொட்டகை இருந்தது.

டிக்கியைத் திறந்தேன். பேட்டரியை முன்னாலிருந்து இங்கே மாற்ற ஓஸ்மோ ஒரு இரும்புத் தட்டைப் பற்றவைத்திருந்தான். தடித்த கேபிள் சுருட்டியபடி கிடந்தது. மேலே ஒரு அட்டை, பென்சில் எழுத்து: ஓட்டை விளிம்புக்கு ரப்பர். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில். எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டு. கடைசி வரி: தார்மோவைத் தொட விடாதே.

"விவரமானவன்," என்றான் வெய்க்கோ. "அவன் சொன்னதைக் கேளு. தொடாத. பேட்டரி முன்னாடியே இருக்கட்டும்."

"ஏன்?"

"பின்சக்கரம் இழுக்கற வண்டிடா. பின்னாடி பாரம் இல்லன்னா சரளையில சும்மா சுத்தும். நீ கடைசியா வருவ. கடைசியா வர்ற தகர டப்பாவ எவன் கேப்பான்? திங்கக்கிழமை என் கொட்டகையில நிக்கும்."

சரியாகத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அவன் காபி குடிக்கப் போனான். நான் எர்த் வயரை முதலில் கழற்றினேன், பிறகு மற்றதை. பேட்டரியைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். கேபிளைக் காருக்குள்ளேயே தரையோரமாக இழுத்தேன். தகர விளிம்பு கேபிளை அறுத்தால் தீப்பிடிக்கும், அதனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் போட்டேன். பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகு எர்த்தை முடுக்கினேன். பேட்டரியைக் கட்டும் பட்டையை இறுக்கி, பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது.

வெய்க்கோ வந்து பார்த்தான். "கழுதை," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதாக வந்தேன். வளைவுகளில் பின்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டது. சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. பல்லில் மண் அரைபட்டது.

மூன்று சீட்டு விழுந்தது. குலுக்கலில் லாப்புவா ஊர்க்காரி ஒருத்திக்குப் போயிற்று. முப்பது வயதிருக்கும், கையில் பாதி தின்ற சாசேஜ். டிக்கிக்குள் குனிந்து ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கே. யாரு பண்ணது?"

"அண்ணன்."

அட்டையை எடுத்துப் படித்தாள். சிரித்தாள். "யாருங்க இந்தத் தார்மோ?"

"தெரியல," என்றேன்.

அட்டையைத் திரும்ப டிக்கியிலேயே போட்டு மூடினாள். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாயங்காலம் காலி டிரெய்லரோடு கராஜுக்குப் போனேன். ரைலி தரையைப் பெருக்கி முடித்திருந்தாள். பணக் கவரை வேலைமேசைமேல் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை.

"வெய்க்கோ சொன்னான். பேட்டரிய முன்னாடியே விட்டிருந்தா கார் உன்கிட்டயே இருந்திருக்குமாமே. அப்புறம் எதுக்கு மாத்தின?"

"அவன் வேலை பாதியில கிடந்துச்சு."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "வேற ஏதாவது எடுத்துக்கறியா? ஸ்பேனர் கிடக்குது."

"வேணாம்."

வெளியே வந்தேன். அவள் உள்ளேயிருந்து கதவைச் சாத்தினாள். பூட்டில் சாவி இரண்டு சுற்று சுற்றியது.