மதனைக் கேளுங்க

கோவையில் மூன்றாம் டிவிஷன் லீக் ஆடும் மைதானத்தில் பவுண்டரிக்குக் கயிறெல்லாம் கிடையாது. காலையில் ஒருவர் வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போவார். மத்தியானத்துக்குள் பாதிக் கோட்டைக் காற்று கொண்டுபோய்விடும். பந்து கோட்டைத் தொட்டதா, பிடித்தவன் கால் பட்டதா என்று பார்க்கக் கேமராவும் இல்லை. அதனால் கோட்டருகே நிற்பவனையே அம்பயர் கேட்பார். அவன் சொன்னதுதான் தீர்ப்பு.

வேறு யார் சொன்னாலும் எதிரணி முணுமுணுக்கும். மதன்குமார் சொன்னால் முணுமுணுப்பு வராது.

காரமடைக்காரன் அவன். பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி, கிரிக்கெட்டுக்காகவே வேலை கொடுத்தது. சேரும்போது அடுத்த வருடமே முதல் டிவிஷன், அப்புறம் ரஞ்சி என்று மனக்கோட்டை கட்டியிருந்தான். பேட்டிங்கில் ஒன்பதாவது ஆளாகவே நின்றுபோனான். பந்து வீச யாரும் கூப்பிடவில்லை. கோட்டருகே ஓடினான், விழுந்தான், தடுத்தான். அப்படியே முன்நெற்றி ஏறிவிட்டது. மிஞ்சியது பொய் சொல்லமாட்டான் என்ற ஒரே ஒரு பெயர். அம்பயர் பாலகோபால் நடுவிலிருந்தே "என்ன கண்ணு?" என்று குரல் கொடுப்பார். இவன் தலையாட்டினால் போதும். எதிரணிப் பையன்களே, "மதனண்ணனைக் கேளுங்க சார்" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவனுக்கு ரஞ்சி ஆடியது போலவே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் நாலாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியையே கலைத்துவிடுவதாக மேனேஜர் செங்கோட்டையன் முதல் நாளே சொல்லிவிட்டார். "அப்புறம் எல்லாரும் ஒழுங்கா ஷிப்ட்டுக்கு வாங்க சாமிகளா. ஞாயித்துக்கெழமை ஊட்ல படுத்துத் தூங்குங்க."

எதிரணியில் கோட்டைமேட்டு ஆரிஃப் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர் அவனைப் பார்க்கவே வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்று நாலு ரன்னில் ஆரிஃப் ஒரு பந்தைத் தூக்கினான். மதன் பின்னாலேயே ஓடி, தலைக்கு மேல் பிடித்தான். பிடித்த நொடியில் வலது குதிகாலுக்கு அடியில் பொடி நெறுக்கென்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது ஆறு. ஆரிஃபுக்கு அது நூறு.

"என்ன கண்ணு?"

இனி ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. தலை தானாக இடமும் வலமும் அசைந்தது. "படலீங்க சார்!"

ஆரிஃப் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடிக்காரர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மதனின் அணி ஜெயித்தது. எல்லோரும் அவனைத் தோளில் தூக்கினார்கள். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினான். வெட்கப்படுகிறான் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள்.

டீக்கடையில் ஆரிஃபே தேடிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்கண்ணா, என் செஞ்சுரியச் சாப்புட்டுட்டு வடையும் சாப்புடறீங்களா? இது அடுக்குமா?"

"ஆரிஃபு..."

"அட, சும்மா சொன்னனுங்கண்ணா. வேற எவன் புடிச்சிருந்தாலும் நான் நகந்திருக்க மாட்டேன், சண்டதான். நீங்க சொல்லிட்டீங்க, அவுட்டுன்னா அவுட்டு." டீக்காசையும் அவனே கொடுத்துவிட்டுப் போனான். பாதி வடை மதனின் கையிலேயே ஆறிப்போனது.

வீட்டில் புவனா ஷூவைக் கழுவ எடுத்தாள். "என்னங்க, இந்தக் கால்ல மட்டும் இத்தன சுண்ணாம்பு?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "நானே கழுவிக்கறேன். வை." தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வெள்ளை போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான். வாரம் முழுவதும் ஆரிஃபுக்குப் போன் போட எடுப்பான், வைத்துவிடுவான். வியாழக்கிழமை மாவட்ட அணியின் பெயர்கள் வாட்ஸப்பில் வந்தன. ஆரிஃப் இல்லை.

அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். வேறு அணி. தோற்றாலும் ஒன்றுமில்லை. மூன்றாவது ஓவரிலேயே ஒரு பந்து மதனிடம் உருண்டு வந்தது. விழுந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே தடுத்துவிட்டான். சந்தேகமே இல்லை.

"என்ன கண்ணு?"

மதன் எழுந்து நின்றான். கழுத்து அசையவில்லை.

"மதனு! நாலா, இல்லையா?"

"நீங்களே வந்து பாருங்க சார்."

எதிரணிப் பக்கமிருந்து ஒரு குரல்: "ஏனுங்க அம்பயரு, பொண்ணு பாக்கக் கூப்புடறாரு, பூ வாங்கீட்டுப் போங்க!" சிரிப்பு வெடித்தது. பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பாலகோபால் வெயிலில் அத்தனை தூரமும் நடந்து வந்தார். மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தார். கோடு கலையாமல் கிடந்தது.

"சுத்தமாத்தான இருக்குது? இதுக்கா என்னை இந்த வெயில்ல இழுத்த? நீ சொன்னாப் பத்தாதா கண்ணு?"

"பத்தாதுங்க சார்."

"ஏன்?"

"இன்னைக்குப் படலீங்க. போன வாரம் பட்டுச்சுங்க."

பாலகோபாலின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் மதனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது ஷூவைப் பார்த்தார். அது புதிதுபோல் பளிச்சென்றிருந்தது.

"சார், நாலுங்களா? என்ன எழுதட்டுங்க?" என்று ஸ்கோரர் அங்கிருந்து கத்தினார்.

சைகை காட்ட எடுத்த கை பாலகோபாலின் இடுப்பருகிலேயே நின்றுவிட்டது. பந்தைத் திருப்பி எறிய வேண்டுமென்பதையும் மறந்து, மதன் அதை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றிருந்தான்.