நிற்காத சுரம்

இந்தோனேசியாவில், பண்டுங் நகரின் உஜுங் பெருங் பகுதியில் ஒரு கித்தார்ச் சுரம் மூன்று வருடமாக நிற்காமல் ஒலிக்கிறது. அது தொடங்கிய மாலை நான்கு பேர் இருந்தார்கள். கித்தாருடன் யாயத் ஒலிபெருக்கிமேல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நெந்தென் பட்டறை மேசையருகே முக்காலியில். பக்கத்து வீட்டு ஈச்சி வாசற்படியில். தெருத்தலைவர் எங்கோஸ் இருந்த ஒரே நாற்காலியில். ஒலியைக் கரகரப்பாக்கி நீட்டும் காலடிப் பெட்டிகளை, பெடல்களை, செய்பவள் நெந்தென். முந்தைய சர்க்யூட்டை அடுத்த தெருக்காரன் ஒரே வாரத்தில் நகலெடுத்திருந்தான். அதனால் இம்முறை சோதிக்கும் முன்பே பாகங்கள்மேல் கருப்புப் பிசினை ஊற்றி மூடிவிட்டாள். யாயத் பெடலை மிதித்து ஒரு சுரம் மீட்டினான். விரலை எடுத்தான், பிளக்கைப் பிடுங்கினான். சுரம் நிற்கவில்லை.

அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. குழந்தைகள் தவழாமலே நடந்தன. இரவில் சுவரோரம் போட்ட கட்டில்கள் காலையில் கதவருகே கிடந்தன. யாயத்துக்கு வேறெந்தச் சுரமும் கைக்கு வரவில்லை. சரக்குக் கப்பலில் வேலை தேடிக்கொண்டான். "அத நிறுத்து. நின்னதும் எழுது, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிறுத்துவதென்றால் பிசினை உடைக்க வேண்டும். உள்ளே எதை எங்கே வைத்தோம் என்பது நெந்தெனுக்கே நினைவில்லை. உடைத்தால் இன்னொன்று செய்ய முடியாது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கோஸ் வந்து, "ஏம்மா, எங்க வீட்டுச் சேவல்கூட இந்தச் சுதியிலதான் கூவுது. நிறுத்த வேணாம், கொஞ்சம் இறக்கியாச்சும் வையேன்" என்றார்.

"இறக்கினா உங்க குறட்டையோட சேந்துக்கும், அப்புறம் எது எதுன்னு தெரியாது" என்றாள் ஈச்சி.

மூன்றாம் வருட மழைக்காலத்தில் நெந்தெனுக்குப் பெட்டியைவிட யாயத் வேண்டும்போலிருந்தது. பிசினைச் சூடாக்கிச் செதுக்கினாள். ஒலி வெளியே போகவேண்டிய கம்பியை அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கவே இல்லை. அதன் நுனி எதையும் தொடாமல் பிசினுக்குள் பளபளத்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒருநாளும் ஒலி வந்திருக்க வழியில்லை. சுரம் கூரைக்குமேல் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

நின்றுவிட்டது என்று எழுதினால் அடுத்த கப்பலிலேயே வருவான். அப்படித்தான் முதலில் எழுதினாள், கிழித்துப்போட்டாள். பிறகு நின்றபடியே எழுதினாள்: "நிக்கலங்க. பெட்டிய உடைச்சுப் பாத்துட்டேன், அதுல ஒண்ணுமில்ல. இது நிக்காது. நிக்கும்னு அங்க காத்திருக்காதீங்க. இதோட இருக்க முடியும்னா வாங்க."

சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, சாலையோரத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மீன் வாங்கப் போனாள்.