மூன்று பத்து பஸ்

1

இந்தக் கதை நான் திருடியது. திருடிய இடம், படப்பையில் என் வீட்டு மாடி. அங்கே வாடகைக்கு இருக்கும் நான்கு பெண்களில் மாரிசெல்வி ஒருத்தி. தெற்கத்திப் பெண். ஒரகடத்தில் வால்வு செய்யும் கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. துணி காயப்போட வந்தவள், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அணு உலை விபத்துக் கதை, விபத்துக்குக் காரணம்தான் அகப்படவில்லை என்றேன். ஈரத்துணியைத் திரும்ப வாளியிலேயே போட்டாள். பிறகு காரணத்தைச் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: 'கடலோரத்தில் சைரன் அலறியபோது' (அடித்துவிட்டேன். சைரன் இல்லாமல் எனக்கு எழுத வராதா?)

இரண்டாவது: 'உலையைக் குளிர்விக்கும் நீர்க்குழாயில் ஒரு வால்வு கசிந்தது. அதைச் சோதித்தவள்' (இங்கே பேனா நின்றுவிட்டது. சோதித்தவள் மாடியில் தலை சீவிக்கொண்டிருந்தாள்.)

3

நடந்தது இவ்வளவுதான். வால்வில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று கடைசி வால்வை ஏற்றியபோது மணி இரண்டு ஐம்பது. கம்பெனி பஸ் மூன்று பத்துக்கு. விட்டால் மெயின் ரோடுவரை மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடை. மூன்று ஐந்துக்கே தண்ணீரைத் திறந்துவிட்டு, ரெஜிஸ்டரில் மூன்று இருபது என்று எழுதிவிட்டு ஓடினாள். கேட்டில் பதிவான நேரம் மூன்று ஏழு. இரண்டும் ஒரே கம்பெனியில்தான் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாவ அண்ணாச்சி. லாரில ஏத்தும்போதுதான் பாத்தேன், பெட்டில எங்கூரு பேரு அடிச்சிருக்கு."

அவள் அம்மா பீடி சுற்றும் வாசலிலிருந்து பார்த்தால் அணு உலை தெரியுமாம். வால்வை வரும் திங்கட்கிழமை மாட்டுகிறார்கள். அதற்குள் சொன்னால் நிறுத்தலாம். சொன்னால் வேலை போகும்.

(அடிக்குறிப்பு: எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அவள் சொன்னாள், நான் எழுதவில்லை.)

4

விபத்துக்குப் பிந்தைய பகுதியை இருபது பக்கம் எழுதினேன். பஸ்களில் அள்ளிப்போட்ட ஜனம். கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட முடியாமல் போன ஒருத்தி. மூன்று வருடம் கழித்தும், அந்த ஊர்க்காரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறவர்கள். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் வெட்கம். அவள் சொல்லிவிட்டால் ஒன்றும் நடக்காது, என் இருபது பக்கமும் குப்பைக்கு. இரண்டு நாள் யோசித்துச் சொல் என்று நான் அவளிடம் சொன்னது அவள் வேலைக்காகவா, என் பக்கங்களுக்காகவா?

என் மனைவி ஷீபாவுக்குச் சந்தேகமே இல்லை. "நீ கதை எழுதிக்கினு கீற. அந்தப் பொண்ணு மூணு நாளா துன்னல."

5

முடிவு ஒன்று: அவள் சொன்னாள், சூப்பர்வைசர் நன்றி சொன்னார். (பொய். அப்படி ஒரு சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. வால்வு நாற்பது வருடம் தாங்கியது. (இப்படியும் நடக்கும். இந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் மூன்று இருபது என்று எழுதுகிறார்கள்.)

முடிவு மூன்று: அந்த இருபது பக்கம்.

6

இன்று சனிக்கிழமை. காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் கதவைத் தட்டினாள். "நான் போயிச் சொன்னேன்னு எழுதி அனுப்புங்க அண்ணாச்சி. அதப் படிச்சிட்டுப் போயிச் சொல்லிருதேன்." மூன்று மணிக்கு லாக்கரைத் திறந்து போனைப் பார்ப்பாளாம்.

இரண்டு ஐம்பதுக்கு இருபது பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன்: 'மாரிசெல்வி மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.' எழுதுவது எனக்குச் சுலபம், வேலை போவது அவளுக்கு. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டாள்.

இப்போது ஷீபாவும் நானும் வாசலில் நிற்கிறோம். ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறங்குகிறவர்களை நீங்கள் பாருங்கள்.