சர்வர் அக்காவின் விடுப்பு

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளை எல்லோரும் ‘சர்வர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த டாக்டர்கள் சிலர் கேன்டீன் ஆள் என்று நினைத்து டீ கேட்டதும் உண்டு. பதினோரு வருடமாக அங்குள்ள சர்வர்கள் அத்தனையும் அவள் பார்த்துப் பார்த்து ஓட்டியவை.

இனிமேல் சான்றிதழைப் பொறுத்துத்தான் பதவி என்றது நிர்வாகம். எந்தத் தேர்வு எந்த வேலைக்கு என்று பட்டியல் போடும் பொறுப்பைப் பிரிவுத் தலைவர் அவளிடமே தள்ளிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து போட்டாள். முதல் நிலை முடித்தவர்கள் புகார் சொல்ல வரும் போன் எடுக்கலாம், பிரிண்டர் பார்க்கலாம். இரண்டாம் நிலைக்கு சர்வரும் நெட்வொர்க்கும். மூன்றாம் நிலைக்குப் பாதுகாப்பும் வடிவமைப்பும். கடைசியில், பத்து வருட அனுபவம் உள்ளவர்களுக்குத் தேர்வெழுத ஓராண்டு அவகாசம் என்று ஒரு வரி.

பட்டியல் சுவரில் ஏறியபோது அந்த வரியைக் காணவில்லை. அவள் போன் எடுக்கும் வேலைக்கு இறக்கப்பட்டிருந்தாள். அவள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து இரண்டாம் நிலை தேறிய, கண்ணாடி போட்ட ஜூனியர் ஒருவருக்கு சர்வர் அறை.

நேரே தலைவரிடம் போனாள்.

“அந்தக் கடைசி வரியை யார் சார் எடுத்தது?”

“நான்தாம்மா. சலுகைன்னு ஆரம்பிச்சா எல்லாரும் கேப்பாங்க. உங்ககிட்ட முதல் நிலைதானே இருக்கு?”

“மூணு தடவை பரீட்சைக்கு லீவு கேட்டேன். நீங்க போனா சர்வரை யார் பாக்கறதுன்னு மூணு தடவையும் மறுத்தது நீங்கதான்.”

“பழசெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு?”

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவன் சமாதானம் சொன்னான். “சம்பளம் குறையலயே, விடேன்.”

“நான் சம்பளத்தப் பத்திப் பேசினேனா?” தட்டை நங்கென்று வைத்தாள். “பதினோரு வருஷம் எல்லாத்தையும் என் தலையிலயே கட்டிட்டு, இப்ப நீ யாருன்னு கேக்கறாங்க!”

மறுநாளே பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். இயக்குநருக்கும் ஒரு நகல் போனது. தலைவர் நெற்றியைச் சுருக்கினார்.

“இத்தன நாளா?”

“போன் எடுக்க வேற ஆள் போடுங்க சார். சர்வர்தான் இப்ப என் பொறுப்பில்லயே.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நிலையை அந்த விடுப்பிலேயே முடித்தாள். மூன்றாம் நிலைக்கு மேலும் நான்கு மாதம் பிடித்தது. சான்றிதழைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தபோது தலைவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“பிரமாதம்! அடுத்த வருஷம் இடம் காலியானா பாக்கலாம்.”

அதன் பக்கத்திலேயே ராஜினாமாக் கடிதத்தையும் வைத்தாள். வேறொரு மருத்துவமனை அவளைக் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு எடுத்திருந்தது.

நோயாளிகள் பாவம் என்று, தெரிந்ததையெல்லாம் கண்ணாடிக்காரருக்கு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். கடைசி நாள் அவர் தலை குனிந்தபடி, “அன்னிக்கே உங்களுக்காக நான் ஒரு வார்த்த பேசியிருக்கணும்க்கா” என்றார்.

“ஆமா, பேசியிருக்கணும்” என்றாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போதும் அவள் கோபம் ஆறவில்லை.